மூன்று மீட்டர் வரைக்கும் வாரண்டி

மெல்பர்ன்
மார்கழி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நலம். அங்கு அத்தை, பிள்ளைகள், வைண்டிங் கடை, கடை வாசலில் கழற்றிப் போட்டிருக்கும் மோட்டார்கள் எல்லாம் நலமா? போனில் பேசலாமென்றால் முக்கியமான இடம் வரும்போது "சிக்னல் இல்லடா" என்று வைத்துவிடுகிறீர்கள். எழுதி அனுப்பினால் அந்தச் சாக்கு செல்லாது பாருங்கள்.

நீங்கள் கேட்ட சாமானுக்கு வருகிறேன். "தண்ணிக்குள்ள போற மெட்டல் டிடெக்டர் ஒண்ணு கொண்டாந்துரு, கியாரண்டியோட இருக்கணும்" என்றீர்கள். திருச்சுழிப் பக்கத்துப் பங்காளி, அதுதான் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பாரே, அவர் இப்போது கண்மாய்க்குள் புதையல் ஓட்டமும் பார்த்துவிட்டதாகக் கேள்வி. அவர் தேங்காய் நிமிர்ந்த இடத்திலெல்லாம் போர் போட்டு, புழுதி குடித்தவர்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அது போகட்டும். வருஷத்தில் பாதி நாள் ஆடு மேய்கிற கண்மாய்க்கு வாட்டர்ப்ரூஃப் எதற்கு மாமா? பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் குத்திப் பூமிக்குள் இறக்கிவிட்டார் என்பது திருச்சுழித் தலபுராணம். இறங்கிய தண்ணீர் இன்றுவரை மேலே வரவில்லை என்பது போர் வண்டிக்காரர்கள் சொல்லும் புராணம்.

இங்கே நிலைமை தலைகீழ். தண்ணீரைக் கூப்பிடவே வேண்டாம், தானாக உள்ளே வரும். என் டிடெக்டருக்குள் வந்தது.

சனிக்கிழமையானால் இங்கே கடற்கரையில் ஒரு கூட்டம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மணலைத் துழாவும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் என்னையும் இதில் இழுத்துவிட்டது. குளிக்க வந்தவர்கள் தொலைத்த மோதிரம் கிடைக்கும் என்றார். கிடைத்தது பாட்டில் மூடி, பீர் டின்னின் வளையம், தூண்டில்காரர்களின் ஈயக்குண்டு, எப்போதாவது ஒரு டாலர் காசு. ஆனாலும் ஆசை விடாது. இந்த விக்டோரியா மாநிலத்தில் 1980இல் கிங்கோவர் என்ற ஊரருகே ஒருவர் இதே மாதிரி டிடெக்டரை வைத்துக்கொண்டு நடந்தபோது, ஓரடி ஆழத்தில் 27 கிலோ தங்கக்கட்டி அகப்பட்டது. நம் கணக்கில் ஏறக்குறைய 3,400 சவரன். இதை அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கே பாஸ்போர்ட் எடுக்கச் சொல்வார்.

என் கருவி மூன்று மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. நான் நின்றது முழங்கால் தண்ணீரில். முதலில் திரைக் கண்ணாடிக்கு உட்புறம் மூடுபனி கட்டியது. பிறகு கீழ் ஓரத்தில் மிளகளவு ஒரு சொட்டு, நான் சாய்க்கிற பக்கமெல்லாம் ஓடியது. அடுத்து, தங்கமும் இல்லாமல் தகரமும் இல்லாமல் விடாமல் கூவியது. அப்புறம் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது.

பிளம்பர் பெரியவர் கரையிலேயே துண்டை விரித்து உட்கார்ந்து பிரேதப் பரிசோதனை செய்தார். தரையைத் தடவுகிற வட்டமான காயில் இருக்கிறதே, அதற்கு ஒன்றும் ஆகாதாம். அதற்குள் பிசின் ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள், தண்ணீர் நுழைய வெற்றிடமே கிடையாது. கோளாறெல்லாம் மேலே கைப்பிடி பக்கம் இருக்கும் பெட்டிக்குத்தான். அதற்குள் சர்க்யூட்டும் காற்றும். காயில் ஒயர் சொருகும் இடம், சார்ஜ் ஏற்றும் இடம், ஹெட்போன் ஓட்டை, ஸ்பீக்கர் என்று அதற்கு வாசல்கள் பல. ஒவ்வொரு வாசலுக்கும் காவல் ஒரு ரப்பர் ஓ-ரிங். அதில் ஒரு தலைமுடி படிந்தாலும் போதும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் கருவி 50 டிகிரி வரை சுட்டுக் கிடக்கும். அதை 20 டிகிரி கடலில் இறக்கினால் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கும். உள் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். அதாவது கருவி சும்மாவே ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். சீலில் துளி இடைவெளி இருந்தாலும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்படிப் பார்த்தாலும் முழங்கால் தண்ணீரும் இதுவும் சேர்ந்து ஒன்றரை மீட்டர்தானே, மூன்றுக்கு இன்னும் பாதி பாக்கி இருக்கிறதே என்றேன். பெரியவர் சிரித்தார். வாஷர் மாற்றியே காலம் தள்ளியவர். எந்த சீலையும் நம்புவதில்லை.

பெட்டியில் ஐ.பி. 68 என்று ஒரு முத்திரை. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்க வேண்டும் என்று கணக்கு உண்டு. 8 என்றால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனியே சொல்லிக்கொள்ளலாம். சோதிப்பது நல்ல தண்ணீரில், அசையாமல் வைத்து. கடலோ உப்பு. அலை வந்து அறைகிறது. நானும் காயிலை இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கிறேன். அலை அறைவதற்கு அந்த முத்திரையில் எண் இல்லை.

கம்பெனிக்கு எழுதினேன். ஒரு படிவம் வந்தது. பில் எங்கே, சீரியல் நம்பர் என்ன, முதல் சொந்தக்காரர் நீர்தானா, உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா, எவ்வளவு ஆழம், எத்தனை நிமிஷம், கரையேறியபின் நல்ல தண்ணீரில் கழுவினீரா. பெண் பார்க்கப் போன வீட்டில் கூட என்னை இவ்வளவு கேட்கவில்லை. நாலு பக்க வாரண்டித் தாளையும் வாசித்தேன். கருவி தண்ணீருக்குள் போகும் என்பது முதல் பக்கம். தண்ணீர் கருவிக்குள் போனால் என்ன என்பது மூன்றாம் பக்கம், பொடி எழுத்தில்.

அப்போது உங்கள் ஞாபகம்தான் வந்தது மாமா. வைண்டிங் கட்டிக் கொடுக்கும்போது நீங்கள் வாய்வார்த்தையாக ஒரு கியாரண்டி தருவீர்களே: "தண்ணி வத்தி மோட்டாரு காஞ்சு ஓடுனா நம்ம பொறுப்பில்ல, பாத்துக்கிருங்க." நம் அருப்புக்கோட்டையில் எந்த போரில் தண்ணீர் வற்றவில்லை? நீங்கள் தரும் கியாரண்டி தண்ணீர் இருந்தால் செல்லும். இவர்கள் தரும் வாரண்டி தண்ணீர் வராவிட்டால் செல்லும். தொழில் ஒன்றுதான். நீங்கள் அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள்.

ஆனால் உங்கள் சப்மெர்சிபிள் மோட்டாரின் பெருமையை அன்றைக்குக் கடற்கரையில் எடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் மோட்டாரை எண்ணூறு அடிக்குக் கூட இறக்குவார்கள், வருஷக்கணக்காகத் தண்ணீருக்குள்ளேயே ஓடும் என்றேன். அதற்கு எந்த சீல் போடுகிறார்கள் என்று பெரியவர் கேட்டார். தண்ணீரைத் தடுப்பதே இல்லை, இறக்குவதற்கு முன் எங்கள் மாமாவே மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்புவார், உள்ளே சுற்றியிருக்கும் கம்பிக்குத்தான் பிளாஸ்டிக் உறை என்றேன். மனுஷர் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு உங்கள் கடை விலாசம் கேட்டார். கொடுத்திருக்கிறேன். வந்தால் ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுங்கள்.

வாரண்டி கடைசியில் என்ன ஆயிற்று என்றால், மணல்துகள் சிக்கியிருக்கிறது, உபயோகித்தவர் தவறு என்று பதில் வந்தது. இந்த நாட்டில் 2011 முதல் ஒரு நுகர்வோர் சட்டம் இருக்கிறது. வாரண்டித் தாளில் என்ன எழுதினாலும், விற்ற பொருள் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். பெரிய குறை என்றால் பணமா வேறு பொருளா என்று கேட்கும் உரிமை வாங்கினவனுக்கு. விற்ற கடை, "கம்பெனியைப் போய்க் கேள்" என்று கைகழுவ முடியாது. இதை எழுதி, பெட்டியின் படத்தில் மூன்று மீட்டர் என்ற எழுத்தை வட்டமிட்டுக் கடைக்கு அனுப்பினேன். அதுவரை பேசாதிருந்த கடை, அடுத்த வாரமே வேறு கருவி அனுப்பியது. கூடவே ஒரு சீட்டு: இதற்குப் புது வாரண்டி இல்லை, பழையதில் மிச்சமிருக்கும் மாதங்கள்தான். சட்டத்தின் உத்தரவாதம் இதற்கும் உண்டு என்பதைச் சீட்டில் சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இப்போது உங்களுக்கு வேண்டிய பதில். டிடெக்டர் வராது. அங்கே ரிப்பேர் என்றால் நீங்கள் எம்-சீல் வைத்து அடைப்பீர்கள், பிறகு எந்தக் கம்பெனியும் அதைத் தொடாது. செவல் மண் என்றால் இரும்புச் சத்து வேறு. மண்ணுக்கு ஏற்பக் கருவியைப் பழக்காவிட்டால் தரை முழுக்கப் புதையல் என்று கத்தும். பங்காளி அதை நம்பியும் விடுவார். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பிலிருந்த குண்டைத் தேட, டெலிபோன் கண்ட கிரகாம் பெல்லே இப்படி ஒரு கருவியைச் செய்து கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. கட்டில் மெத்தையின் இரும்புச் சுருள் குழப்பிவிட்டது என்கிறார்கள். உங்கள் கண்மாயில் கொழுமுனை, லாடம், ஆணி என்று எத்தனை தலைமுறை இரும்பு கிடக்கிறதோ.

எல்லாம் சரியாகி, நிஜமாகவே புதையல் வந்தாலும் தொல்லைதான். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை உள்ளே. பத்து ரூபாய்க்கு இன்றைக்கு ஒரு டீ கூட வராது. ஆனால் சட்டத்தில் தொகையை மாற்றாததால், பங்காளி பழைய பித்தளைச் சொம்பு கண்டெடுத்தாலும் விருதுநகருக்கு பஸ் ஏற வேண்டும்.

பொங்கலுக்கு என்னோடு வேலை பார்க்கும் ராஜபாளையம் நண்பர் ஊருக்கு வருகிறார். அவரிடம் சிலிகோன் கிரீஸ் ட்யூப் இரண்டும், ஓ-ரிங் ஒரு டப்பாவும் கொடுத்தனுப்புகிறேன். கடைக்கு ஆகும். ட்யூபைப் பங்காளி கண்ணில் காட்டாதீர்கள், முழங்கால் வலிக்குத் தேய்த்துவிடுவார். நண்பர் திரும்பும்போது அத்தையிடம் சொல்லி காராச்சேவு இரண்டு கிலோ கொடுத்துவிடுங்கள். போன தடவை காற்றே புகாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்ன பாக்கெட் இங்கே வருவதற்குள் நமுத்துவிட்டது. இந்தத் தடவை பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியைச் சுற்றி நீங்களே உங்கள் கையால் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். வாய்வார்த்தை கியாரண்டி போதும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்