70 வளைவுக்கு என்ன கலரு, கண்ணு?

வா தம்பி, சைக்கிள அந்தத் திண்ணையோரமாச் சாத்து. சாத்திட்டு மொதல்ல அந்தக் கண்ணாடியக் கழட்டு. உன் கண்ணப் பாத்துப் பேசலாம்னா அதுல என் மீசைதான் தெரியுது. நரைச்சது போதாதுன்னு ஊதாக் கலர்ல வேற தெரியுது.

என்ன வெல? அட கெரகமே! சரி, உங்கப்பன் காசு, உன் மூக்கு. நான் யாரு கேக்கறதுக்கு? ஆனா காரவள்ளி அடிவாரத்துல குந்திக்கிட்டு, ஞாயித்துக்கிழமையானா உங்களாட்டம் பசங்க கொல்லிமலை ஏறறதையும் எறங்கறதையும் பாக்கறவன் நான். ஏறறப்ப எல்லாரும் ஒட்டுக்காத்தான் போறாங்க. எறங்கறப்ப ஒருத்தன் ரெண்டு பேரு முட்டி பேந்து, சைக்கிள உருட்டிக்கிட்டு வர்றாங்க. கேட்டா "குழி தெரியல தாத்தா"ம்பான். எப்படித் தெரியும்? மூக்கு மேல அமாவாசைய மாட்டிக்கிட்டுப் போனா?

லாரி ஓட்டியே மீசை நரைச்ச நாமக்கல்காரன் சொல்றேன், கேட்டுக்க. வெளிச்சத்தோட கள்ளத்தனமெல்லாம் ரோட்டுல கத்துக்கிட்டது. கண்ணாடிக் கணக்கு மட்டும் பேத்தி சொல்லிக் குடுத்தது. அவ கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்றவ.

கடையில கறுப்பு, பிரவுனு, மஞ்சளு, ரோசுன்னு வரிசையா வெச்சிருப்பான். நீயும் சட்டைக்கு எது எடுப்புன்னு பாப்ப. கண்ணாடிங்கறது டீ வடிகட்டி மாதிரி. வடிகட்டி என்ன கலருன்னா பாக்கற? கீழ எவ்வளவு எறங்குதுன்னுதான பாக்கோணும்? அதுக்கு நம்பரு இருக்குது, 0-லருந்து 4 வரைக்கும். 0-ன்னா நூத்துக்கு 80-க்கு மேல வெளிச்சத்த உள்ள விடும். 1-ன்னா 43-லருந்து 80. 2-ன்னா 18-லருந்து 43. 3-ன்னா 8-லருந்து 18. 4-ன்னா 3-லருந்து 8 தான். அது பனிமலை ஏறறவனுக்கு, போட்டுக்கிட்டு வண்டியே ஓட்டக் கூடாது. காதுல மாட்டற கம்பிக்கு உள்பக்கம் பொடி எழுத்துல நம்பரு போட்டிருப்பான். எங்க, உன்னுதக் காட்டு. 3. பாத்தியா, வெல எவ்வளவுன்னு மனப்பாடமாத் தெரியுது, நம்பரு நான் சொல்லித்தான் தெரியுது.

அந்த 3 இங்க அடிவாரத்து வெயிலுக்குச் சரிதான். ஆனா மேல இருக்கறது 70 கொண்டை ஊசி வளைவு. ஒண்ணுல வெயில் மண்டையப் பொளக்கும். அடுத்ததுல மரமும் மூங்கிலும் கூடி ரோட்ட மூடிக்கும். வெயில்ல சுருங்குன கண்ணு அந்த நிழலுக்குப் பழகறதுக்கே செத்த நேரம் வேணும். அதுக்கு மேல நீ கறுப்பு வேற போட்டு மூடற. 40 கிலோமீட்டர் வேகத்துல எறங்குனா செகண்டுக்கு 11 மீட்டர். அது குழியா நிழலான்னு நீ யோசிக்கறதுக்குள்ள, குழி உன்னைய யோசிச்சு முடிச்சிரும்.

அதனால சட்டம் ஒண்ணுதான். இருக்கற வெயிலுக்குப் பாத்துக் கண்ணாடி வாங்காத. வழியிலயே இருட்டான வளைவு எதுவோ, அதுக்குப் பாத்து வாங்கு. வெளிச்சம் கூடுனா கண்ணு கூசும். கொறஞ்சா எலும்பு முறியும். கூச்சத்துக்குத் தொப்பி முனைய எறக்கி விட்டுக்கலாம். எலும்புக்கு மாவுக்கட்டுதான்.

உன் சிநேகிதன் ஒருத்தன் வந்தான், "தாத்தா, இது தானா மாறற கண்ணாடி, போட்டோகுரோமிக்"னான். நல்ல சமாச்சாரந்தான், கொற சொல்ல மாட்டேன். புற ஊதா பட்டாக் கறுக்கும், படலேன்னா வெளுக்கும். ஆனா கறுக்கறதுல இருக்கற அவசரம் வெளுக்கறதுல இல்ல. மூணு நிமிசம்னே வெச்சுக்க. அதுக்குள்ள நீ 2 கிலோமீட்டர் கீழ வந்திருப்ப. இன்னொரு குசும்பும் உண்டு. சூடு ஏறுனா அது முழுசாக் கறுக்காது, குளுந்தா சுருக்குனு வெளுக்காது. சித்திரை வெயில்லயும் அப்படித்தான் காலை வாரும், மார்கழிக் குளிர்லயும் அப்படித்தான். ஏறறப்ப மட்டும் நெம்ப நல்ல புள்ள. அது மாறி முடிக்கிற வரைக்கும் நீயும் அதே வளைவுலதான மூச்சு வாங்கிக்கிட்டு நிப்ப! வாங்கறதா இருந்தா, வெளுத்த பொறவு 0-க்கோ 1-க்கோ வர்றதாப் பாத்து வாங்கு.

கலருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடறேன், இல்லேன்னா தூங்க மாட்ட. சாம்பக் கலரு உள்ள கலர உள்ளபடி காட்டும். பிரவுனும் ரோசும் மேடு பள்ளத்தக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், சல்லிக்கல்லு கெடக்கற ரோட்டுக்கு ஆகும். மஞ்சளு வெடியால மூட்டத்துக்குப் பரவால்ல. ஆனா மஞ்சளு போட்டா ராத்திரி பகலாயிரும்னு எவனாச்சும் சொன்னா நம்பாத. எந்தக் கலரும் வெளிச்சத்தக் கூட்டாது, கொறைக்கத்தான் செய்யும். பொழுது சாஞ்சா வெறும் வெள்ளைக் கண்ணாடி போதும். பாலிகார்பனேட்டா இருந்தா வெள்ளையே புற ஊதாவத் தடுக்கும். பூச்சியையும் புழுதியையும் தடுக்கும். தடுப்பு இல்லாத ரோட்டோரக் கறுப்புதான் ஆபத்து. இருட்டுன்னு நெனச்சுக் கண்ணு பாப்பாவ விரிக்கும், கெட்டது கூடுதலா உள்ள போவும்.

பேத்தி மீன் புடிக்கறவங்களுக்கு போலரைஸ்டு குடுப்பா, தண்ணி மேல மின்னறத அழிக்கும்னு. உனக்கு அந்த மினுக்கம் வேணும் சாமி. மழை பேஞ்ச வளைவுல ஈரம் எங்க, லாரிக்காரன் சிந்துன ஆயில் எங்கன்னு அந்த மினுக்கந்தான் காட்டிக் குடுக்கும். கைப்புடியில மாட்டிருக்கயே டிவிப் பொட்டி, அதுவும் சில கோணத்துல கறுத்துப் போயிரும். வேகம் தெரியலேன்னா உனக்குச் சோறு எறங்குமா?

பொறவு எங்க மலை பெருமை ஒண்ணு சொல்றேன். எங்க வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்சாராம். கண்ணுல என்ன கலரு மாட்டிருந்தாருன்னு ஒரு புலவனும் பாடல. நீ அஞ்சு மிருகத்தையெல்லாம் துளைக்க வேண்டாம், எதுக்கால வர்ற பஸ்ஸத் துளைக்காம வந்தாச் செரி.

வழி சொல்றேன். ஏற இத மாட்டிக்க. செம்மேட்டுல டீ குடிக்கறப்ப வெள்ளைக்கு மாத்து. வளைவுல நின்னு மாத்திக்கறேன்னு சொல்லாத. எறக்கத்துல நிக்கறவன் எவனையும் நான் பாத்ததில்ல. நெத்திக்கு ஏத்தி விட்டுக்கிட்டும் வராத, காத்துல கண்ணு கலங்கும்.

அடுத்த தாட்டி கடைக்குப் போறப்ப, கடைக்காரன் "உங்களுக்கு நெம்ப எடுப்பா இருக்குதுங்க"ன்னு சொன்னா, "எத்தன சதவீதம் உள்ள விடும்"னு கேளு. திருதிருன்னு முழிச்சா, அதே கண்ணாடிய அவனுக்கே மாட்டி, சைக்கிள் பின்னால உக்கார வெச்சுப் பொழுதோட 70 வளைவும் கூட்டியா. அடிவாரம் வர்றதுக்குள்ள அவனே பாதி வெலைக்குத் தள்ளிருவான்.