அக்கரை வண்டியார்

தாடிக்கொம்பு வட்டாரத்து நடுத்தர வர்க்கத்தில் 'அக்கரை வண்டியார்' என்று பெயரிடத்தக்க ஒரு வகையினர் உண்டு. 10 கிலோமீட்டர்கூட இல்லாத திண்டுக்கல்லில் நல்ல நிலையில் பழைய கார் விலைக்கு வந்தாலும் அதை ஏறெடுத்தும் பாராமல், கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ கொச்சிக்கோ போய், ஏறக்குறைய அதே காரை ஏறக்குறைய அதே விலைக்கு வாங்கி ஓட்டி வருவதே இவர்களுக்குரிய முதன்மை இலக்கணமாகும். இவர் பூக்கமிஷன் கடைக்காரராகவோ நூற்பாலை மேற்பார்வையாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருக்கலாம். கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைக் கிள்ளிப் பார்க்கும் அளவுக்கு நிதானமானவர் என்பதில் ஐயமில்லை. கார் என்று வந்துவிட்டால் மட்டும் அந்த நிதானம் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே வேலை செய்யத் தொடங்குகிறது.

உள்ளூர் வண்டியை இவர் ஒதுக்குவதற்குக் காரணம் அதைப் பற்றி எதுவும் தெரியாதது அன்று, எல்லாம் தெரிந்திருப்பதே. எதிர்த்தெரு ஸ்விஃப்ட் வேடசந்தூர் சாலையில் ஒரு புளியமரத்தோடு பேசியதும், அதன் பின்கதவுக்கு எந்தப் பட்டறையில் டிங்கரிங், அதாவது நெளிவெடுக்கும் வேலை, நடந்தது என்பதும், உரிமையாளரின் மகன் கிளட்சிலிருந்து காலை எடுக்காமலே ஓட்டிப் பழகியதும் ஊரறிந்த செய்திகள். கோயம்புத்தூர் வண்டியும் ஏதாவதொரு மரத்தோடு பேசியிருக்கக்கூடும் என்றாலும், அந்த மரத்தை இவர் பார்த்ததில்லை. பாராத மரம் இவர் கணக்கில் மரமே ஆகாது.

இந்த மனப்பாங்கைப் புதுமோகம் என்று தள்ளிவிடுவது பொருந்தாது, ஏனெனில் இதற்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. இவருடைய பாட்டனார் உழவு மாடு பிடிக்க மணப்பாறைச் சந்தைக்கும், சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கும் போய், பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி எண்ணி, துண்டுக்கடியில் தரகரின் விரலைத் தொட்டு விலை பேசி, வாங்கிய மாட்டை நடத்தியே கூட்டி வந்தவர். அந்த அலைச்சலில் நியாயம் இருந்தது. காங்கேயம் காளை காங்கேயத்து மேய்ச்சல் மண்ணில் உருவான இனம், அதை அதன் சீமையில் தேடுவதுதான் முறை. மாருதி கார் 1983 முதல் குர்கானிலும், ஹூண்டாய் 1998 முதல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இறங்கி ஊர் ஊராகப் பிரிந்து போனவை. ஊருக்கு ஓர் இனம் என்று அவற்றில் கிடையாது. ஆயினும் பேரன் அதை ஒப்புக்கொள்வதில்லை. காரும் தான் நின்ற ஊரின் தண்ணீரைக் குடித்துக் குணம் கொள்கிறது என்பதே அவருடைய அசைக்க முடியாத கொள்கை.

இக்கொள்கையிலிருந்து ஒரு முழுமையான புவியியலே கிளைக்கிறது. சென்னை வண்டி என்றால் உப்புக்காற்றில் கதவடி துருப்பிடித்திருக்கும், அத்துடன் 2015 டிசம்பர் வெள்ளத்தில் முங்கியதா என்பதையும் விசாரித்தாக வேண்டும். கொடைக்கானல் வண்டிக்கு கிளட்ச் தேய்ந்திருக்கும். மதுரை வண்டி கல்யாண சவாரிக்கு ஓடியிருக்கும். குற்றமற்றது கோயம்புத்தூர் வண்டி ஒன்றே, அதை ஓட்டியவர் டாக்டர் என்பதால். பழைய கார்களை வாங்கி விற்கும் கடைக்கு இவ்வட்டாரங்களில் 'கன்சல்டிங்' என்று பெயர். அக்கடைக்காரர்களின் வாக்கை நம்பினால், கோவையில் விலைக்கு நிற்கும் கார்களில் கணிசமானவை 'சிங்கிள் ஓனர்' வகையைச் சேர்ந்தவை, அதாவது முதலில் வாங்கியவரைத் தவிர வேறு கைக்கு மாறாதவை என்றும், அந்த ஒற்றை உரிமையாளர் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வேறெங்கும் போயறியாத மருத்துவர் என்றும் கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை மருத்துவர்களுக்கு ஈடாக அந்நகரில் நோயாளிகள் இருந்தார்களா என்ற கேள்வி எவருக்கும் தோன்றாதது வியப்புக்குரியது.

கொள்முதல் பயணத்துக்கு இவர் தனியே புறப்படுவதில்லை. ஒரு மைத்துனரும் ஒரு மெக்கானிக்கும் உடன்வருவர். மெக்கானிக்குக்கு நாள்கூலியும் பிரியாணியும் உண்டு, மைத்துனருக்குப் பிரியாணி மட்டும். கன்சல்டிங் வாசலில் இறங்கியதும் சோதனை தொடங்கும். முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் வண்டல் கறை படிந்திருக்கிறதா என்று பார்க்கிறார். வெள்ளத்தில் நின்ற காரின் இருக்கை உறையை மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மறந்துவிடுவதுண்டு. பிறகு ஆயில் மூடியைத் திறந்து, உட்புறம் பால்போல் வெளுத்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்ததாகக் கொள்கிறார். அடுத்து டயருக்கு முன் குத்துக்காலிட்டு, அதன் விலாவில் பொறித்த நான்கு இலக்கங்களைத் தடவுகிறார். முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டரைக் காட்டும் ஒரு காரில் நான்கு டயரும் காரைவிட இளையவையாக இருந்தால், அந்த மீட்டர் சற்றுப் பின்னோக்கியும் ஓடியிருக்கக்கூடும்.

சோதனைகள் அனைத்தும் சரியானவை என்பதை மறுப்பதற்கில்லை. அவற்றின் முடிவுகளை அவர் பொருட்படுத்துவதில்லை என்பதே குறை. விடியுமுன் எழுந்து நூற்றைம்பது கிலோமீட்டர் வந்தவருக்கு வெறுங்கையோடு திரும்ப மனம் வராது. "லேசாத்தாண்ணே வெளுத்திருக்கு, பனிக்கு அப்படித்தான் இருக்கும்" என்று மெக்கானிக் சொல்லிவிட்டால் போதும். சித்திரை மாதத்தில் ஏது பனி என்று கேட்பாரில்லை. ஒருமுறை அதே வரிசையில் எல்லாச் சோதனையிலும் தேறிய டிசையர் ஒன்று நின்றது. அதன் எண் டிஎன் 57 என்று தொடங்கியது, அதாவது திண்டுக்கல் பதிவு. "நம்மூர் வண்டியா? வேணாம்ப்பா" என்று கூறிவிட்டுப் பக்கத்திலிருந்த டிஎன் 38க்கு அட்வான்ஸ் கொடுத்தார்.

இவ்வகையினரில் தீவிரப் பிரிவினர் டெல்லி வரை போனதுண்டு. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் 2018ல் உறுதிசெய்ததால், அங்கே பழைய டீசல் கார்களின் விலை சரிந்தது. ஸ்ரீநகர்–கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலை 44 டெல்லியையும் தொட்டு திண்டுக்கல்லையும் தொடுவதால், 'ஒரே ரோடுதானே, திரும்பவே வேண்டாம்' என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. வந்த பிறகுதான் திருப்பங்கள் தொடங்குகின்றன. வேற்று மாநிலப் பதிவுள்ள வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு; அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும், சாலை வரியை இங்கே புதிதாகக் கட்டவும் வேண்டும். டெல்லியில் மிஞ்சிய பணம் திண்டுக்கல் போக்குவரத்து அலுவலகத்தை இரண்டு மூன்று முறை வலம் வந்ததும் தீர்ந்துவிடுகிறது.

கார் ஊர் வந்து சேர்ந்ததும் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் முன் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சை வைத்து நசுக்குகிறார்கள். கடன் தீர வேண்டி தேய்பிறை அஷ்டமியில் சொர்ண ஆகர்ஷண பைரவரை வணங்கப் பெருங்கூட்டம் கூடும் கோயில் அது. பழைய காருக்கான கடன் வட்டி புதிய காருக்குரியதைவிடக் கூடுதல் என்பதால், அடுத்த அஷ்டமிக்கே இவர் வரிசையில் நிற்பதைக் காணலாம். ரயில் கட்டணம், மெக்கானிக் கூலி, பிரியாணி, புரோக்கர் கமிஷன், வரும் வழியில் தாராபுரத்தில் மாற்றிய பேட்டரி ஆகியவற்றை வண்டி விலையில் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இவருக்குக் கிடையாது. இல்லத்தரசிக்கு உண்டு, அந்தக் கூட்டல் வாய்க்கணக்காகவே நடைபெற்று, விருந்தினர் இருக்கும்போது வெளியிடப்படுகிறது.

டீக்கடையில் இவருடைய மதிப்பு அதனால் குறைவதில்லை. டிஎன் 38 என்ற எண்ணைக் கண்டு ஒருவர் "கோயம்புத்தூர் வண்டியாண்ணே?" என்று கேட்டதும், "டாக்டர் வண்டிப்பா, சிங்கிள் ஓனர்" என்று பதில் வருகிறது. மறுவாரம், கார் வாங்க எண்ணியுள்ள ஒரு தம்பி திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு நல்ல வேகன்ஆர் இருப்பதாகச் சொல்லி யோசனை கேட்கிறார். இவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சனிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு மூன்று டிக்கெட் போடச் சொல்கிறார்.