வெருளியார் பதில்கள்

பத்து வரி எழுத்து, மிச்சமெல்லாம் படம். பிள்ளைகளின் படப் புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு காசு? (சாவகச்சேரி வாசகி)

நல்லூர்த் தேரில் ஒரு வரியும் இல்லை. நீங்கள் பார்க்கப் போகாமலா இருந்தீர்கள்?

யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சிரிப்பாக எழுத யாராவது இருந்தார்களா? (மானிப்பாய் வாசகர்)

மானிப்பாயில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்! பக்கத்து நவாலிக்குச் சைக்கிளை மிதியுங்கள். சோமசுந்தரப் புலவர் (1878–1953) கத்தரித் தோட்டத்து வெருளியையே பாட்டுக்குக் கதாநாயகன் ஆக்கியவர். என் பெயரும் அங்கே களவெடுத்ததுதான்.

குரங்கு குடை திருடுகிற படக்கதை பிள்ளைக்குக் களவு பழக்காதா? (பருத்தித்துறை வாசகர்)

சிபில் வெத்தசிங்க சிங்களத்தில் எழுதி, படமும் தானே வரைந்த 'குடைத் திருடன்' (1956) தானே? அதில் குடைக்காரர் மடித்த குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுவைத்து, அவை சிந்திய வழியே போய்த் திருடனைக் கண்டுபிடிக்கிறார். பயமென்றால் பிள்ளையைப் பொலிசில் சேர்த்துவிடுங்கள்.

சிபில் வெத்தசிங்க மறைந்த 2020இல், அவருடைய இன்னொரு கதைக்குப் பிள்ளைகள் கற்பனை செய்த 1,250 முடிவுகள் கின்னஸில் பதிவாகின. எங்கள் சோதனைத் தாளில் என்றால் 1,249 பேருக்குப் பிழை போட்டிருப்போம்.