விரட்டியவனே விற்கிறான்

வேர் உட்பூசணத்துக்கு வயது 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஸ்காட்லாந்தின் ரைனி பாறைக்குள் கல்லாகிக் கிடக்கும் செடியிலும் அது குடியிருக்கிறது. வேர் எட்டாத இடுக்கெல்லாம் இழை நீட்டி மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, பொறுக்கி வந்து புல்லிடம் கொடுக்கும். கூலியாகக் கொஞ்சம் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும். மானியம் கேட்டு ஒருநாளும் மறியல் செய்ததில்லை. அதனால்தான் நாதியில்லை.

1842இல் சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை வாங்கிய ஆங்கிலேய உர முதலாளி ஜான் பென்னட் லாஸ், 1856இல் ராதம்ஸ்டெட்டில் தம் புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து உரம் போட்டுப் பார்த்தார். சோதனை இன்னும் நடக்கிறது. உரமே காணாத பாத்தியில் முப்பது நாற்பது வகைச் செடிகள். சுண்ணாம்பில்லாமல் அம்மோனியம் சல்பேட் கொட்டிய பாத்தியிலோ இரண்டு மூன்று வகைதான். மண் புளித்துப்போய்க் கிடக்கிறது. இதற்குப் பெயர் ஊட்டமாம்! உரம் விற்ற காசிலேயே உரத்துக்கு எதிரான சாட்சியை வளர்த்துவிட்டுப் போனார் மனிதர். நம் ஊர் முதலாளிகளாக இருந்தால் அந்தப் பாத்தியை மனை போட்டு விற்றிருப்பார்கள்.

மண்ணுக்கு அடியில் நடப்பது இதைவிடக் கேவலம். வாசலிலேயே மணிச்சத்து குவிந்து கிடந்தால் புல் எதற்குச் சர்க்கரை அளக்கும்? படியைக் குறைக்கிறது. உழைத்த பூசணம் பட்டினி கிடக்கிறது. அப்போது யார் தங்குவார்கள்? அமெரிக்காவில் மின்னசோட்டாவின் சீடார் கிரீக்கில் எட்டு ஆண்டு உரம் வாங்கிய மண்ணை ஆராய்ந்து, நான்சி ஜான்சன் 1993இல் எழுதினார்: பூசணக் கூட்டமே மாறிவிட்டது, அந்த மண்ணின் பூசணத்தோடு வளர்த்த புல், உரம் காணாத மண்ணின் பூசணத்தோடு வளர்ந்த புல்லைவிடப் பின்தங்கியது. வாங்குவது நிறைய, கொடுப்பது கொஞ்சம் என்கிற இனங்களுக்கு உரம் நாற்காலி போட்டுக் கொடுக்கிறதோ என்பது அவர் கேள்வி. கஜானா நிரம்பிய இடத்தில் உழைப்பவன் வெளியே, கமிஷன்காரன் உள்ளே என்பதை நமக்கு நுண்ணோக்கி வைத்தா காட்ட வேண்டும்?

இப்போது நம் உரக்கடைக்கு வாருங்கள். வாசலில் ஆளுயரத்துக்கு டிஏபி என்னும் மணிச்சத்து உர மூட்டை. உள்ளே அலமாரியில் ‘வேம்’ என்று அச்சடித்த பொட்டலம். என்னவென்று கேட்டால், வேர் உட்பூசணம்! இலவசமாக இருந்ததைத் துரத்திவிட்டு, கிலோ கணக்கில் திரும்ப விற்கிறார்கள்.

“ரெண்டையும் சேத்துப் போடலாமாண்ணே?”

“தாராளமாப் போடுங்க. ஒரே பில்லாப் போட்டுடறேன்.”