பட்டாபி ஆகிடாதே மாப்ளே

தேனாம்பேட்டையில ரூம் எடுத்திருக்கியாம், கருப்புக் கண்ணாடி மாட்டிக் கையைக் கட்டிக்கிட்டு போட்டோ ஆல்பமெல்லாம் போட்டிருக்கியாம். உங்கம்மா சொன்னா. ரொம்ப சந்தோஷம் மாப்ளே. ஹீரோவாகத்தான் முயற்சி பண்ணணும். அதுல ஒரு சௌகரியம், ரெண்டு படம் ஓடலைன்னா நிம்மதியா வீட்டுல உக்காந்துக்கலாம். குணச்சித்திரம் பக்கம் மட்டும் போயிடாதே. கிழவன் ஆனாலும் விடமாட்டானுங்க, வேலை வாங்கிக்கிட்டே இருப்பானுங்க.

நம்ம பக்கத்து ஆளு எம்.எஸ்.பாஸ்கரையே எடுத்துக்க. எம்.எஸ்.னா முத்துப்பேட்டை சோமு. மூஞ்சியக் காட்டிப் பேர் வாங்குறதை விட்டுட்டு, இருட்டு ரூம்ல டப்பிங் பேசிக்கிட்டுக் கிடந்தவரு. அது என்ன பொழப்புங்கிறே? தெலுங்குக்காரன் உதட்டை மூடுற இடத்துல, தமிழ்லயும் கரெக்டா ஒரு ‘ப’வோ ‘ம’வோ வந்து விழணும். அவனுக்கு மூச்சு வாங்குனா உனக்கும் வாங்கணும். நல்லாப் பேசினா பேரு திரையில இருக்கிறவனுக்கு, பிசகினா திட்டு உனக்கு. உனக்கு எதுக்கு இந்த வம்பு, நீ ஜிம்முக்குப் போ.

அப்புறம் சன் டி.வி. இப்பத்தான் எம்.ஆர்.சி. நகர், அந்தக் காலத்துல உன் பேட்டையில, அண்ணா அறிவாலயத்துலதான் இருந்துச்சு. அதுல ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ன்னு வந்துச்சே, ஸ்ரீபிரியா, நிரோஷா, நளினியெல்லாம் நடிச்சது. அதுல இவரு பட்டாபி. ஊரே பாஸ்கரை மறந்துட்டுப் பட்டாபியை வச்சுக்கிச்சு. சிரிப்பு சீரியல்ல ஒரு அவஸ்தை உண்டு, ஆளு மாறவே கூடாது. போன வாரம் முழிச்ச முழிதான் இந்த வாரமும். ஆனா சிரிப்பு மட்டும் புதுசா வரணுமாம்.

அந்த முழியக் கொண்டுபோயி ராதாமோகன் 2007-ல ‘மொழி’யில புரொபசரா உக்கார வச்சாரு. மகன் செத்ததைத் தாங்க முடியாம 1984-லயே நின்னுபோன மனுசன். அந்த வருசத்துச் சங்கதிய இன்னைக்குப் பேப்பர்ல வந்த மாதிரி விசாரிப்பாரு. பட்டாபியாச்சேன்னு ஜனம் சிரிச்சுது. விசயம் தெரிஞ்சப்புறம் சிரிச்ச வாயை எங்க கொண்டு வைக்கிறதுன்னு தெரியாமத் தவிச்சுது. டிக்கெட் வாங்கினவனை இப்படியா மோசம் பண்றது?

திருவாரூர் ஆழித்தேர் பாத்திருக்கியே. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுறவனை எவன் கும்பிட்டான்? அவன் ஒருதரம் கட்டையத் தப்பாப் போட்டா, தேர் எவன் வீட்டுத் திண்ணையில ஏறும்னு வீதிக்காரனுக்குத்தான் தெரியும். உனக்கு அதெல்லாம் வேணாம். நீ வடம் பிடிச்சு நின்னு செல்பி எடு.

2023 கடைசியில வந்த ‘பார்க்கிங்’ பாத்தியா? ராம்குமார் பாலகிருஷ்ணன் படம். மாடியில ஹரிஷ் கல்யாண், கீழ்வீட்டுல இவரு, அரசாங்க உத்தியோகம், கைய இறுக்கி வச்சிருக்கிற ஆளு. வண்டி நிறுத்துற இடத்துக்குத் தகராறு. மாடிக்காரன் நிறுத்தக் கூடாதுங்கிற ஒரே வைராக்கியத்துல, இந்தக் கஞ்சப்பிரபுவும் ஒரு காரை வாங்கி அங்க நிறுத்துவாரு. உங்க தேனாம்பேட்டைச் சந்துல வாடகைக்கு இருக்கிறவனுக்கு அது சினிமான்னே தோணாது. அந்த வேசத்துக்குத்தான் சிறந்த துணை நடிகர்னு தேசிய விருது, 2025 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க. மலையாளத்து விஜயராகவனுக்கும் சேர்த்து. அதே பட்டியல்லதான் ஷாருக்கானுக்கும் சிறந்த நடிகர் விருது, அவ்வளவு பெரிய ஹீரோவுக்கு அதுதான் முதல் தேசிய விருதாம். நீயும் கொஞ்சம் பொறுமையா இரு.

இது தொத்துவியாதி வேற. மகளும் டப்பிங்குக்குப் போயிடுச்சு. மகன் ஆதித்யா ‘96’-ல ஸ்கூல் பையன் ராமா வந்து நின்னுட்டான்.

அதனால, சீரியல்ல அப்பா வேசம், சித்தப்பா வேசம்னு எவனாவது உன்னைக் கூப்பிட்டா, பெரிய கும்புடாப் போட்டு மறுத்துடு. அப்படியே அவன் நம்பரை எனக்கு அனுப்பி வை. சண்டைக்கு நிக்கிற கீழ்வீட்டுக்காரன் மூஞ்சி எனக்கு மேக்கப்பே போடாம இருக்குன்னு உங்க அத்தை கல்யாணம் ஆன நாளாச் சொல்லிக்கிட்டுதான் இருக்கா.