பத்து நாளு, பதினோரு ஊரு

ஏலே பேராண்டி, நீ வாட்ஸப்புல அனுப்பின இத்தாலிப் பயணத் திட்டத்தக் கண்ணாடியத் தொடச்சுப் போட்டு ரெண்டு தடவை படிச்சேன். 'சாப்பாடும் ஒயினும் ருசிக்கும் பயணம்'னு மேல எழுதியிருக்கே. கீழ பாத்தா 10 நாளு, 11 ஊரு. பலே! கதிரறுக்குற மிஷினும் இப்பிடித்தான் வயக்காடு பூராத்தையும் ஒரே நாள்ல சுத்தி வரும். அது ஒரு மணி நெல்லத் தின்னு பாத்ததா மட்டும் நான் கேள்விப்படல.

கெழவனுக்கு என்ன தெரியும்னு உம் புதுப்பொண்டாட்டிகிட்டச் சொல்லிச் சிரிச்சிருப்பே. உங்க அத்தை பிள்ளப்பேறுக்கு அந்த இத்தாலி மோதெனாவுல மூணு மாசம் கெடந்தவன் நான். உம் பாட்டி பேறுகாலம் பாக்கப் போனா. நான் அவ பெட்டியத் தூக்கப் போனேன். பெட்டிய எறக்கி வச்ச பெறவு எனக்கு வேலையில்ல. வேலையில்லாதவன் கண்ணுக்குத்தான் ஊரு முழுசாத் தெரியும். அதனால சொல்லுதேன், கேட்டுக்கோ.

ஆகஸ்ட் நடுவுல போகப் போறியாம், லீவு வசதியாம். ரொம்பச் சரி. ஆகஸ்ட் 15 நமக்குச் சுதந்திர நாளு, அவனுக்கு ஃபெர்ராகோஸ்தோ. குடும்பமா நடத்துற சின்னச் சாப்பாட்டுக் கடைக்காரன் பலபேரு கதவுல சீட்ட ஒட்டிட்டுக் கடக்கரைக்குப் போயிருவான். பூட்டுன கதவ வகைவகையாப் போட்டோ எடுக்கணும்னா அதவிட நல்ல மாசம் கிடையாது. சாப்பிடவும் செய்யணும்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர்னு தள்ளி வை. திராட்சை அறுப்பு நடக்கும். வடக்க அல்பா பக்கம் வெள்ளை ட்ரஃபிள் காளான் தொடங்கியிருக்கும். மண்ணுக்குள்ள கெடக்குற அத நாய் மோந்து பாத்துச் சொல்லும். முன்னால பன்னியும் தேடுச்சு. அது கண்டதத் தானே தின்னுட்டு வேரையும் கிளறிப் போட்டுச்சு. 1985ல நாயத்தான் கூட்டிட்டுப் போகணும்னு சட்டமே போட்டுட்டான்.

சாயங்காலம் நாலு மணிக்கு மதியச் சாப்பாடுன்னு எழுதியிருக்கே. அங்கன பன்னெண்டரைக்குப் பத்துன அடுப்பு ரெண்டரைக்கு அணைஞ்சிரும். மறுபடி பத்த ராத்திரி ஏழரை ஆகும். நடுவுல நீ எந்த வீட்டு மாப்பிள்ளையா இருந்தாலும் எல எடுத்தாச்சுன்னுதான் சொல்லுவான். அந்த நேரத்துலயும் ஒருத்தன் படம் போட்ட மெனுவோட வாசல்ல நின்னு கையப் புடிச்சு இழுக்கான்னா, அது உன்ன மாதிரி ஆளுக்குன்னே வச்ச கண்ணி.

காப்பிய நின்னுக்கிட்டே குடி. உக்காந்தா வெல ஏறும். சாப்பாட்டுக் கடையில உக்காந்ததுக்கே தலைக்கு இம்புட்டுன்னு போடுவான், கோபெர்த்தோன்னு பேரு. அதுக்காகச் சண்டைக்கு நிக்காதே. 'லாத்தே' கேட்டா வெறும் பாலக் கொண்டாந்து வைப்பான். அவன் பாஷையில பாலுக்கு அதான் பேரு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெறவு கப்புச்சினோ கேட்டா தருவான். ஆனா, விருந்துல பாயசத்துக்குப் பெறவு இட்லி கேட்டவன நாம எப்பிடிப் பாப்போமோ, அப்பிடிப் பாப்பான்.

போலோன்யாவுல 'ஸ்பகெட்டி போலோனீஸ்'னு எழுதி மூணு நட்சத்திரம் போட்டிருக்கே. அந்த ஊருக்காரன் அதக் கேட்டா மொகத்தச் சுளிப்பான். அவன் கறிக்கொழம்புக்குப் பேரு ராகு. பயப்படாதே; நம்ம ராகு சந்திரன முழுங்கும், இந்த ராகுவ நாம முழுங்கணும். நாடா மாதிரி அகலமான தல்யாதெல்லேயில பெரட்டித் தருவான். நாம நெலத்தத்தான் பத்திரம் பதிவோம். அந்த ஊரு வர்த்தக சபையில 1982ல கொழம்புச் செய்முறையவே பதிஞ்சு வச்சிட்டான். அதுக்குப் பத்து வருசம் முந்தி, தல்யாதெல்லே வெந்த பெறவு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும்னு தங்கத்துல ஒண்ணு செஞ்சு அங்கனயே வச்சான். மாவுப் பண்டத்துக்குத் தங்கத்துல அளவு வச்சிருக்கவங்கிட்டப் போயி, கொஞ்சம் சில்லி சாஸ் கெடைக்குமான்னு கேட்டுப்புடாதே.

பார்மிஜானோ பாலாடைக்கட்டிக் கொட்டகைக்குக் 'காலை 11.00 முதல் 11.20 வரை'ன்னு ஒதுக்கியிருக்கே. அந்த இருபது நிமிஷத்துல கழுவிவிட்ட தரையப் பாக்கலாம். வேலையெல்லாம் காலங்காத்தாலயே நடந்துரும். முந்தின சாயங்காலத்துப் பாலுல ஆடைய எடுத்து, விடியக் கறந்த பாலோட சேத்து, மணியக் கவுத்து வச்ச மாதிரி இருக்குற செம்புக் கொப்பரையில ஊத்துவான். கட்டி சக்கரம் மாதிரி இருக்கும்; ஒரு சக்கரத்துக்குச் சுமார் 550 லிட்டர் பாலு. கடைசியில தேறுறது 40 கிலோ. உப்புத் தண்ணியில மூணு வாரம் போல ஊறி, அலமாரியில கொறஞ்சது 12 மாசம் உறங்கும். பெறவு சோதிக்க ஒரு ஆளு சின்னச் சுத்தியலோட வருவான். சந்தையில நாம தேங்காயத் தட்டுவோமே, அதே தட்டு, அதே சாஞ்ச காது. நான் பாத்த அன்னைக்கு அந்த மனுசன் ஒரு சக்கரத்தத் தட்டிட்டு நின்னான். திருப்பிப் போட்டு மறுபடி தட்டினான். ஒதட்டப் பிதுக்கினான். அம்புட்டுத்தான், உள்ள பொக்கு. சூட்டு முத்திரை கெடையாது. தோலுல இருக்குற பேரயும் சொரண்டிருவாங்களாம். வருசம் பூரா பாத்த பாட்ட ஒரு தட்டு சொல்லிருச்சு. நீ என்னடான்னா இருபது நிமிஷத்துல அங்க எல்லாத்தையும் பாக்கணுங்கே.

உம் பொண்டாட்டி சைவம்னு கேள்வி. நாம மோர ஒற ஊத்துவோம். அவன் அந்தப் பாலாடைக்கட்டிக்கு ஊத்துறது கன்னுக்குட்டி இரைப்பையில எடுத்த ஒற. பாஸ்தா மேல துருவுறதுக்கு முந்தியே வேண்டாம்னு சொல்லச் சொல்லு. தெரியாமத் தின்னா தோஷமில்லன்னு நீ சமாளிப்பே. அவளச் சமாளிக்க முடியுமான்னு மட்டும் பாத்துக்கோ.

ஒயினுக்கு வாரேன். பெரியவங்க கண்ணுல படும்னு அந்தப் பகுதிக்கு மட்டும் 'கலாசாரம்'னு தலைப்புப் போட்டிருக்கே, நல்ல பிள்ளை. ஒரே நாள்ல கியாந்தியில நாலு ஒயின் பண்ணை, வாடகைக் காரு, ஓட்டுறது நீ. ரத்தத்துல லிட்டருக்கு அரை கிராம் தாண்டினாப் புடிப்பான். லைசன்ஸ் வாங்கி மூணு வருசம் ஆகாதவனுக்கு அந்த அரையும் கிடையாது. ருசி பாத்துட்டுத் துப்பப் பாத்திரம் வச்சிருக்கான். காசு குடுத்ததத் துப்புறதான்னு உங்க மாமா முழுங்கினாரு. மூணாவது பண்ணையில திராட்சைக் கொடிகிட்டக் குடும்ப விசயம் பேசிட்டிருந்தாரு. பழைய ஊருக்குள்ள வெளி வண்டி நுழையாத எல்லை உண்டு, கேமரா வச்சிருக்கான். அபராதச் சீட்டு நீ ஊரு வந்து சேந்த பெறவு சாவகாசமா வந்து கதவத் தட்டும்.

கியாந்தி கிளாசிக்கோ சீசாவுல ஒரு கறுப்புச் சேவ இருக்கும். ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் எல்லைத் தகராறாம். சேவ கூவுனதும் ரெண்டு ஊருலருந்தும் குதிரைக்காரன் கெளம்பணும், சந்திக்குற எடம் எல்லைன்னு பேச்சு. சியெனாக்காரன் வெள்ளைச் சேவலுக்கு வயிறு முட்ட எரை போட்டான். ஃபுளோரன்ஸ்காரன் கறுப்புச் சேவலப் பட்டினி போட்டான். பசிச்ச சேவ விடியுமுன்ன கூவிருச்சு. நெலத்துல பெரும்பகுதி ஃபுளோரன்ஸுக்குப் போச்சு. கதைதான். ஆனா ஓட்டல்ல ஓசிப் பலகாரம்னு காலையிலயே வயித்த அடைச்சுட்டுக் கெளம்புற ஆளுக்கு அதுல பாடம் இருக்கு.

முன்னெல்லாம் இம்புட்டு அலைச்சல் இல்லல. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி அவனே சரக்க ஜாடியில அடச்சு நம்ம அரிக்கமேட்டுக் கரைக்கு அனுப்பி வச்சான். ஒடஞ்ச ஒயின் ஜாடியும், இத்தாலி அரெஸ்ஸோ ஊரு பேரு சொல்ற செவப்பு மண்பாண்டமும் 1945ல தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டும்போது கெடச்சுது. மேற்குக் கரை முசிறியிலருந்து மிளகு அங்க போச்சு. ரோமுல பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் போட்டு காச்சோ எ பெப்பேன்னு ஒரு பாஸ்தா தருவான். அதத் திங்கும்போது வெளியூருல இருக்கோம்னு கூச்சப்படாதே. நாம குடுத்த காரம்.

சரி, பென்சில எடு. வெனிஸ், மிலான், நேப்பிள்ஸ் எல்லாத்தையும் அடி. பீட்சா ஊர விடலாமான்னு அழாதே. அடுத்த தடவ போக ஒரு சாக்கு வேணும்ல. போலோன்யாவுல அஞ்சு ராத்திரி. மோதெனாவும் பார்மாவும் அங்கருந்து ரயில்ல போயிட்டுத் திரும்புற தூரம். பெறவு வேக ரயில்ல நாப்பது நிமிஷத்துல ஃபுளோரன்ஸ். அதத் தாண்டிக் கியாந்தியில விவசாயி வீட்டுத் தங்கலுல, அக்ரிதூரிஸ்மோம்பான், நாலு ராத்திரி. கடைசி ராத்திரி ரோமு. ஒரு நாளைக்கு ஒரு சாப்பாடு, ஒரு பண்ணை. மிச்ச நேரம் வாசல்ல உக்காந்து வாரவன் போறவனப் பாரு.

எனக்குப் பெருசா ஒண்ணும் வாங்க வேண்டாம். மோதெனாவுல திராட்சைச் சாறக் காய்ச்சி, மச்சுல பீப்பா மாத்திப் பீப்பா ஊத்தி மூப்பேத்துற பால்சமிக் காடி ஒரு சீசா. சீட்டுல 'த்ராதிஸியோனாலே'ன்னு இருக்கணும். 25 வருச மூப்பு வேண்டாம், 12 வருசத்துதே போதும். ஆடம்பரம் எனக்கு ஆகாது. சீசா 100 மில்லி. பல விமான நிலையத்துல கைப்பையில விடுற அளவும் அதே 100 மில்லி. பெட்டியில எடமில்லன்னு எங்கிட்டக் கதை விட வழியில்ல.