பதினான்கு இலக்கப் பூட்டு

நோயாளியின் ரகசியத்துக்கு இனி பங்கமில்லை. ஆபா என்ற சுகாதாரக் கணக்கு அட்டையில் 14 இலக்க எண். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம். அப்படியிருக்க, மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் கணினியில் பழைய கேஸ்களைப் புரட்டலாமா? கூடவே கூடாது!

பிறகு எப்படிப் படிப்பார்களாம்? பென்னாகரத்தில் தர்மபுரி பஸ் ஏறட்டும். இண்டூர் தாண்டுவதற்குள் நாலு சர்க்கரை, இரண்டு மூட்டுவலி, சொல்லக் கூசும் ஒரு மூலம், எல்லாம் பரம்பரை வரலாற்றோடு கிடைக்கும். பெரியவர் ஒருவர் எக்ஸ்ரேவை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடிப்பார். முதல் அபிப்பிராயம் கண்டக்டருடையது. இரண்டாவது, பின்சீட்டு அக்காவுடையது. அவர் மருந்தையும் மாற்றி எழுதிவிடுவார். பாஸ்வேர்டு இல்லை, ஓடிபி இல்லை, சர்வர் படுப்பதும் இல்லை. இப்படியொரு பயிற்சி வகுப்பு சென்னையில்கூடக் கிடையாது.

ரகசியம் முழுசாகக் காப்பாற்றப்படுவது ஒரே ஒருவரிடம்தான். டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருப்பதால், தனக்கு என்ன வியாதி என்பது அந்தப் பெரியவருக்கு மட்டும் தெரியாது.